ஐந்தே காலுக்கு அவிட்டம்

சரி என்று ஏன் சொன்னேன்? நேற்று மாடிப்படியில், கையில் பால் பாக்கெட்டோடு நான் நிற்க, வீட்டுக்காரர் தனசேகர் நாலு படி கீழே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே, தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நாளைக்கு சாயங்காலம் அஞ்சே காலுக்கு அவிட்டம் பொறக்குது, அதுக்குள்ள அக்காவ ஒரு அஞ்சு நாளைக்கு ஆஸ்பத்திரியில சேத்துடலாம், ஆம்புலன்சுக்கு நானே சொல்லிட்டேன், நாலு மணிக்கு வந்துடும் என்று சொன்னபோது, என் வாய் சரி சார் என்றது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. இந்த வீட்டில் பத்தொன்பது வருஷம் பழகின வாய். ஆறு மணிக்கு மேல மோட்டார் போடாதீங்க மேடம், சரி சார். மொட்டை மாடியில துவைக்கிற கல்லைத் தொடாதீங்க, சரி சார். செருப்பை உள்பக்கமா விடுங்க, சரி சார். அந்த வரிசையிலேயே அக்காவையும் தூக்கி வைத்துவிட்டேன். இப்போது மணி மூன்று ஐந்து. அக்கா தூங்குகிறாள், அல்லது தூங்குவது மாதிரிக் கிடக்கிறாள். கோமதி, என் அக்கா, எனக்கு ஐந்து வயசு மூத்தவள், கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் விளையாட்டு டீச்சர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். நானும் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அக்கா ஒரு பதில் வைத்திருந்தாள், நேரம் கிடைக்கலை என்பாள், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து. மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் முழுக்கப் பரவியாச்சு, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டிலேயே என்றார். யார் வீட்டில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆதம்பாக்கத்தில், இரண்டாவது மாடியில், வாடகை வீட்டில்.

அக்காவின் மூச்சை எண்ணாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எண்ணினால் இடைவெளி தெரிகிறது.  ஜன்னல் வழியாக எதிர் அபார்ட்மெண்ட் தெரிகிறது, மூன்றாவது மாடியில் ஒரு பெண் ஈரத் துணியை உதறி உதறிக் காயப்போடுகிறாள், மார்கழி வெயிலுக்கு அது நாளைக்குத்தான் காயும். துணி காய்வதைப் பற்றி யோசிக்க முடிகிறது பார், அவ்வளவு அழுத்தக்காரி நான். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த ஐந்து நட்சத்திரத்தில் ஒரு வீட்டில் உயிர் போனால் அந்த வீட்டுக்கு அடைப்பு. ஆறு மாசம் பூட்டிப் போட வேண்டும், நல்ல காரியம் எதுவும் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா, நாங்களும் சங்கரன்கோவில்காரர்கள்தான், அடைப்பு எடுத்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். இரண்டாவது மாடியில் ஒருத்தி போனால் நாங்கள் இருக்கிற கீழ்வீட்டுக்கு என்ன என்று தனசேகர் ஜோசியரிடம் கேட்டிருக்கிறார். எல்லா மாடிக்கும் அஸ்திவாரம் ஒன்றுதானே என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அந்த ஜோசியர் கையில் கிடைத்தால் கேட்பேன், தண்ணீர்த் தொட்டியும் ஒன்றுதான், சாக்கடைக் குழாயும் ஒன்றுதான், அதற்கெல்லாம் என்ன பரிகாரம் என்று. கேட்பேனாம். மாடிப்படியில் நாலு படி கீழே நிற்கிற மனுஷனிடம் கேட்க வாய் வரவில்லை. தை பன்னிரண்டு அவர் மகள் யாமினிக்குக் கல்யாணம். வாசலில் பந்தக்கால் நட வேண்டும். அதுதான் அவர் பயம். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் நிச்சயம் வரை வந்து தட்டிப்போனது எனக்குத் தெரியும், ஒருமுறை அவள் மொட்டை மாடியில் வந்து உட்கார்ந்து அழுததும் தெரியும், அக்காதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனசேகர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு சௌகரியம். பதிலுக்குக் கத்தலாம். அவர் மனைவி சுசீலா தினமும் பத்தரை மணிக்கு அக்காவுக்கு என்று மிளகு ரசம் கொண்டுவருகிறாள், இன்றைக்கும் கொண்டுவந்தாள், கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸ் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனாள். அந்த ரசம் இன்னும் மூடியபடி அடுப்படியில் இருக்கிறது.

பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதை டைப் அடிக்கிறவளும் நானேதான். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் டைப் அடித்தே முப்பது வருஷம் ஓட்டியவள் நான். எத்தனை பேர் வீட்டுக்கு, எத்தனை பேர் மனைக்கு, வடக்கே இன்னார் வீடு, தெற்கே பொதுப்பாதை என்று நாலு எல்லை வகுத்துக் கொடுத்திருப்பேன், ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எத்தனை முறை தட்டியிருப்பேன், எனக்கென்று ஒரு சதுர அடி அடிக்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கிற அன்று தனசேகர் மேடம் உங்க கையால அடிச்சாத்தான் எனக்கு ராசி என்று சிரிப்பார். ஆகையால் அந்த ஷரத்தெல்லாம் எனக்கு மனப்பாடம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. உள்வாடகைக்கு விடக் கூடாது. சட்ட விரோதமான பொருட்களை வைத்திருக்கக் கூடாது. மேற்படி வீட்டை வசிப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். நேற்று ராத்திரியிலிருந்து இதையே திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தாயிற்று, பதினேழு ஷரத்து, ஒன்றிலாவது சாகக் கூடாது என்று இல்லை. வசிப்பதற்கு மட்டும் என்றால் என்ன? குளிப்பது வசிப்பது, சமைப்பது வசிப்பது, சண்டை போட்டுவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பது வசிப்பது, அக்கா இந்த ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகக் கையை வீசி நடந்து கீழ்வீட்டுக்காரர் தூக்கத்தைக் கெடுத்தது வசிப்பது. அப்படியானால் கடைசியாக ஒன்று இருக்கிறதே, அது மட்டும் எப்படி வசிப்பதில் சேராமல் போகும்? அதற்கு மட்டும் ஆட்டோ பிடித்து வேறு இடத்துக்குப் போக வேண்டுமா? பாத்ரூம் போக வெளியே அனுப்புகிற மாதிரி? பார், அந்த வார்த்தை வருகிற இடத்தில் மனசு கூட அது, அந்த ஒன்று என்று சுற்றிக்கொண்டு போகிறது. மூன்று வாரமாக இந்த வீட்டில் அந்த வார்த்தையை நானும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. பொங்கலுக்குள்ள எந்திரிச்சிருவே என்கிறேன். எந்திரிச்சு உன் முதுகுல ரெண்டு போடுதேன் என்கிறாள். இரண்டு பேரும் நன்றாகவே நடிக்கிறோம்.

ஆட்டோ என்று நினைத்திருக்கக் கூடாது. நினைத்தாயிற்று, இனி அது முழுசாக ஓடி முடிக்காமல் விடாது. அம்மாவை ஆட்டோவில்தான் கொண்டுபோனோம். அப்போது அயனாவரத்தில் பின்கட்டில் குடியிருந்தோம். அம்மாவுக்கு மூச்சு இழுத்தது, வீட்டுக்காரம்மா வந்து வாசற்படியிலேயே நின்று, வெள்ளிக்கிழமை அதுவுமா வீட்டுக்குள்ள ஏதும் ஆயிடப் போவுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்களேன் என்றாள். அக்கா, இருநூறு பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்துகிற என் அக்கா, சரிங்கம்மா என்றாள். எனக்கு இன்றைக்கும் நம்ப முடியவில்லை. அம்மாவை எங்கள் இரண்டு பேர் மடியிலும் நீட்டிப் படுக்க வைத்தோம், தலை அக்கா மடியில், கால் என் மடியில். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. நான் பெட்டியை எண்ணினேன், வேறு என்ன செய்ய, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டில் அம்மாவின் பாதம் என் உள்ளங்கையில் கனத்தது. நான் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. கேட் திறந்த பிறகு ஆட்டோக்காரர்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். திரும்பி வந்தால் வீட்டு வாசல் கேட்டில் பூட்டு. வெளியில போன உடம்பை உள்ள கொண்டுவரக் கூடாது, அது முறை இல்லை என்று வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்தே சொன்னாள். எந்த முறை, யார் வைத்த முறை? நீ அனுப்பித்தானே அது வெளியே போனது? தெருவோரம் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் தன் வண்டியை நகர்த்தி, அது நின்ற இடத்தில், கரித்தூளைப் பெருக்கித் தள்ளிவிட்டு, யாருடைய துணியோ ஒரு வெள்ளை வேட்டியை விரித்தார். அம்மாவை அதில் கிடத்தினோம். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு ராத்திரி அக்கா ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். ஏட்டி வடிவு, எனக்கு ஆகும்போது என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போவாதே. அவ்வளவுதான். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, அதட்டியிருக்கிறாள், உத்தரவு போட்டிருக்கிறாள், கேட்டதில்லை.

மணி மூன்று முப்பத்தைந்து. வானத்தில் விமானம் தாழ்ந்து போகிறது, இந்த ஏரியாவில் பேச்சு எல்லாம் விமானத்துக்காக நடுவில் நிறுத்திவைத்துப் பேசுகிற பேச்சுதான். சரி, மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும்? அதையும் நேராகப் பார்த்துவிடலாம். தனசேகர் அடிக்க மாட்டார். வையவும் மாட்டார். அக்காவுக்கு அப்புறம் ஒருநாள் வந்து, தப்பா எடுத்துக்காதீங்க மேடம், வேற எடம் பாத்துக்கங்க என்பார். எனக்கு அறுபத்தொன்று. ஒண்டிக்கட்டை. இனிமேல் நான் எந்தப் படியேறி எந்த வீடு கேட்பேன்? எத்தனை பேர் இருப்பீங்க என்பார்கள். ஒருத்திதான். தனியாவா, ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்றது என்பார்கள். அவர்கள் கேட்பது உடம்புக்கு முடியாமல் போவதைப் பற்றி இல்லை, தங்கள் வீட்டில் ஆகிவிடக் கூடாதே என்பதைப் பற்றி. அந்தப் பயம் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். நேற்று சரி என்று சொன்னதுகூட மரியாதைக்காக இல்லை, இந்தப் பயத்துக்காகத்தான். அக்காவை ஐந்து நாள் கொடுத்துவிட்டு என் மிச்ச நாளுக்கு இடம் பிடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு கேவலம் வடிவு. ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வைப்பார்கள். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். மூக்கில் குழாய், கையில் கட்டு, பக்கத்தில் யாரோ. அவள் கண்ணைத் திறந்து பார்க்கும்போது நீ கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டோக்கனைப் பிடித்துக்கொண்டிருப்பாய். ஆயுசு பூராவும் சரி சார் சொல்லி நீ சேர்த்துவைத்தது இதற்குத்தானா? எனக்குக் கோபம் வருகிறது. தனசேகர் மேல் இல்லை, ஜோசியர் மேல்கூட இல்லை, என் வாய் மேல். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வருகிறது. காலையில் கட்டிவைத்த பையை இழுத்தேன், ஜிப்பைத் திறந்தேன், இரண்டு நைட்டி, துண்டு, பிளாஸ்க், சோப்புப் பெட்டி, எல்லாவற்றையும் எடுத்து அதது இருந்த இடத்தில் வைத்தேன். சத்தம் கேட்டு அக்கா கண்ணைத் திறந்தாள்.

ஏட்டி, காலையில அதை உள்ள வச்சே, இப்ப வெளிய எடுக்கே. என்ன விளையாட்டு இது, என்றாள். குரல் நூல் மாதிரி வருகிறது, அதிலும் அதட்டல் போகவில்லை. துணி நாறுதுக்கா, துவைக்கணும் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். கண் வெள்ளை முழுக்க மஞ்சள். இன்னைக்கு என்ன நட்சத்திரம் என்றாள். திருவோணம் என்றேன். அதுக்கடுத்தது என்னதுன்னு எனக்குத் தெரியாதாட்டி என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்து, நான் நைட்டியை மடிக்கும்போதிலிருந்து, நேற்று மாடிப்படியில் பேசியதிலிருந்துகூட, தெரிந்துகொண்டே பேசாமல் கிடந்திருக்கிறாள். போவாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் செய்வேனா மாட்டேனா என்று பார்த்துக்கொண்டு கிடந்தாளா, இல்லை, எனக்கு வீடு போய்விடக் கூடாதே என்று விட்டுக்கொடுத்துக் கிடந்தாளா? கேட்க முடியவில்லை. அவள் தோள்பட்டை எலும்பு நைட்டிக்குள் துருத்திக்கொண்டு தெரிந்தது, அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு சேர்த்து ஒரு வீம்பும் வந்தது. வரட்டும். எத்தனை ஆம்புலன்ஸ் வந்தாலும் வரட்டும்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டது. சைரன் போடவில்லை, தெருவில் பின்னால் எடுக்கும்போது கீங் கீங் என்று ஒரு சத்தம் மட்டும். லிப்ட் இல்லாத வீடு, மடக்கு ஸ்ட்ரெச்சர் கைப்பிடிச் சுவரில் இடித்துக்கொண்டே மேலே வருவது கேட்டது. நான் கதவை முழுக்கத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். நீலச் சட்டை போட்ட இரண்டு ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் தனசேகர், கீழே படித் திருப்பத்தில் சுசீலாவின் புடவைத் தலைப்பு. பேஷண்ட் எங்கம்மா என்றார் முதல் ஆள். உள்ளதான் படுத்திருக்கா, வரமாட்டா என்றேன். தனசேகர் முன்னால் வந்தார். மேடம், நேத்து சரின்னீங்களே என்றார். சொன்னேன் சார், தப்பாச் சொல்லிட்டேன், இப்ப மாத்திச் சொல்றேன். அஞ்சு நாள்தான மேடம், நான் என்ன வெளியவா போகச் சொல்றேன், நல்ல ஆஸ்பத்திரி, தனி ரூமே கேட்டு வச்சிருக்கேன். சார், எங்கக்கா சாகப் போறா. என் காதுக்கே அது யார் குரலோ மாதிரி இருந்தது. அவர் பதறிப்போனார். ஐயோ, அப்படியெல்லாம் வாயால சொல்லாதீங்க மேடம் என்றார். நீங்க பயப்படறதே அதுக்குத்தான சார், ரெண்டு பேரும் எதுக்குச் சுத்தி வளைக்கணும்? எங்கக்கா சாகப் போறா. இன்னைக்கா, இந்த அஞ்சு நாள்லயா, அப்புறமாவா, எனக்குத் தெரியாது. எப்ப ஆனாலும் இந்தக் கட்டில்லதான், என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான். தூக்க விடமாட்டேன். மேடம், எம் பொண்ணு கல்யாணம் என்றார். எனக்கு யாமினி முகம் வந்தது, ஆனாலும் நிலையை விட்டுக் கையை எடுக்கவில்லை. பந்தக்கால மண்டபத்துல நடுங்க சார், வேற என்ன செய்யணும்னாலும் செய்யறேன், இதை மட்டும் கேக்காதீங்க.  அப்புறம் நீங்க இங்க இருக்க முடியாது மேடம் என்றார், மெதுவாக, அவரே வருத்தப்பட்டுக்கொண்டு. தெரியும் சார், அவ போனதும் நான் போறேன். அவளுக்கு முந்தி இல்லை.  நீலச் சட்டைக்காரர் ஸ்ட்ரெச்சரை மடக்கி, சார் நாங்க கெளம்பட்டுமா என்றார். அவர்கள் இறங்கினார்கள். பின்னாலேயே தனசேகரும் இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு அதிலேயே முதுகைக் கொடுத்து நின்றேன்.

ஏட்டி, இங்க வா என்றாள் அக்கா. போனேன். சாகப் போறான்னு சொன்னியே என்றாள். ஆமா என்றேன். அவரு மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்க, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லலியே என்றாள். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் என் பக்கம் திருப்பி, நீ சாகப் போறக்கா என்றேன். சொல்லிவிட்டு அழுதேன், அடக்காமல், மூக்கு ஒழுக அழுதேன். அவள் அழவில்லை. இங்கதான என்றாள். இங்கதான் என்றேன். ம் என்று கண்ணை மூடிக்கொண்டாள், மூன்று வாரத்தில் அவள் நெற்றி இப்படித் தளர்ந்து நான் பார்க்கவில்லை. வானத்தில் ஒரு விமானம் போய் முடிந்தது. பிறகு, கண்ணைத் திறக்காமலே, அஞ்சு நாள்தானட்டி, இருந்து காட்டுதேன், அந்தப் பிள்ளை கல்யாணத்தைக் கெடுத்துட்டா போவேன், நீ கீழ போய் அந்த மனுசன்ட்ட சொல்லிரு, பாவம் என்றாள். போக மாட்டேன் என்றேன். ஏட்டி, போ என்றாள். மாட்டேன்க்கா, நீ எப்பச் சாகணும்னு அவருக்குத் தவணை சொல்லணுமாக்கும்? உனக்கு என்னைக்குத் தோணுதோ அன்னைக்குச் சாவு. அவிட்டத்துல தோணினா அவிட்டத்துல சாவு. நான் பாத்துக்கிடுதேன். அக்கா கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள், யார் இவள் என்பது மாதிரி. சிரித்தால் வயிறு வலிக்கும் அவளுக்கு, அது தெரிந்தும் சிரித்தாள்.